மையும் தழும்பும்

2020 மார்ச் 21. பெங்களூரு–டெல்லி ராஜதானி ரயில் தெலங்கானாவைக் கடந்துகொண்டிருந்தது. செகந்திராபாத்தில் ஏறியிருந்த தம்பதியில் கணவர் எழுந்துபோய்க் கை கழுவினார். அவர் கையிலிருந்த முத்திரை சக பயணி ஒருவரின் கண்ணில் பட்டுவிட்டது. வீட்டுத் தனிமையில் இருக்க வேண்டியவர் என்பதற்காக அரசு குத்திய முத்திரை அது. பெட்டியில் ஒரே அமளி. காஜிப்பேட்டையில் ரயிலை நிறுத்தி இருவரையும் இறக்கினார்கள். பெட்டிக்குக் கிருமிநாசினி தெளித்த பிறகே வண்டி நகர்ந்தது. இதற்கு மூன்று நாள் முன்பு, மகாராஷ்டிரத்தின் பால்கரில், ஜெர்மனியிலிருந்து வந்திருந்த நான்கு பேரைக் கையில் இதே போன்ற முத்திரையோடு கரீப் ரத் ரயிலிலிருந்து இறக்கியிருந்தார்கள்.

அரசு சொன்ன ஒரு விதியை மீறிப் பயணம் செய்த மனிதர், அரசு சொன்ன இன்னொரு விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்துக் கை கழுவியதால் மாட்டிக்கொண்டார். சிரிப்பு வரலாம். ஆனால், பெருந்தொற்றுக் காலத்து மனித மனத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல தொடக்கம் கிடைப்பது அரிது. கிருமி பற்றி அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் கை கழுவினார். அப்படியானால் ரயிலில் ஏன் ஏறினார்? விழிப்புணர்வு இல்லை, படிப்பறிவு இல்லை, பயம் இல்லை என்று நாம் வழக்கமாகச் சொல்லும் பதில்கள் எதுவும் இங்கே பொருந்தவில்லை.

மார்ச் 25 அன்று தேர்தல் ஆணையம் ஓர் அனுமதி தந்தது. வாக்காளர் விரலில் வைக்கும் அழியாத மையைத் தனிமைப்படுத்தப்பட்டவர்களுக்கு முத்திரை குத்தவும் பயன்படுத்தலாம். ஆனால், பின்னால் தேர்தலுக்கு இடையூறு வராதபடி உடலில் எந்த இடத்தில் குத்துவது என்பதை நாடு முழுக்க ஒரே மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். இந்த மை உருவாவது மைசூருவில். மைசூர் அரசர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1937-ல் தொடங்கிய அரக்கு, வண்ணப்பூச்சுத் தொழிற்சாலைதான் இன்றைய மைசூர் பெயிண்ட்ஸ் அண்ட் வார்னிஷ் நிறுவனம். 1962 பொதுத்தேர்தல் முதல் இந்திய வாக்காளர்களின் விரல்களுக்கு மை அனுப்புவது இந்தக் கர்நாடக அரசு நிறுவனம். மையிலுள்ள வெள்ளி நைட்ரேட் தோலோடு வினைபுரிந்து, வெளிச்சம் பட்டதும் கறுத்துவிடும். சோப்பு, எலுமிச்சை, பப்பாளிப்பால் என்று எதைப் போட்டுத் தேய்த்தாலும் அசைந்துகொடுக்காது.

இந்த மையின் தலைவிதி விந்தையானது. ஆட்காட்டி விரலில் வைத்தால், வாக்குச்சாவடி வாசலிலேயே நின்று விரலை உயர்த்திப் படம் எடுத்துக்கொள்கிறோம். நடிகர்கள், முதல்வர்கள், நூறு வயதுப் பாட்டிகள் எல்லோரும் காட்டுகிறார்கள். கொஞ்சம் தள்ளிப் புறங்கையில் குத்தினால் முழுக்கைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்கிறோம். மும்பை மாநகராட்சி தன் முத்திரையில், மும்பைக்காரர்களைக் காப்பதில் பெருமை கொள்வதாக ஆங்கிலத்தில் பொறித்தே குத்தியது. வாசகம் என்னவோ நல்ல வாசகம்தான். பெருமை என்று எழுதிவிட்டு, அந்தக் கையோடு வருபவரைக் குற்றவாளியாக நடத்தினால், மனம் எழுத்தை நம்பாது, நடத்தையைத்தான் நம்பும்.

நோய்க்காலத்தில் ஒருவர் தன்னையும் பிறரையும் காத்துக்கொள்வாரா என்பதைப் பயத்தின் அளவு மட்டும் முடிவுசெய்வதில்லை. அந்தக் காப்பு ஊரார் முன்னிலையில் தன்னை உயர்த்துமா, தாழ்த்துமா என்ற கணக்கும் கூடவே ஓடுகிறது. பல சமயம் அதுதான் முந்திக்கொள்கிறது. இந்தக் கணக்கை இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்த நகரம் என்று மைசூருவைச் சொல்லலாம். அதன் அனுபவம் இருநூறு ஆண்டுக்கும் மேற்பட்டது.

உளவியலாளர்கள் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்ததே ஒரு தோல்வியைப் பார்த்துத்தான். 1950-களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை, காசநோயைக் கண்டறிய ஊர் ஊராக எக்ஸ்-ரே வண்டிகளை அனுப்பியது. கட்டணம் கிடையாது, வலி கிடையாது, வண்டி தெருவுக்கே வருகிறது. இருந்தும் பலர் வரவில்லை. ஏன் என்று காட்ஃப்ரே ஹோக்பாம் என்ற சமூக உளவியலாளர் பாஸ்டன், கிளீவ்லாந்து, டெட்ராய்ட் நகரங்களில் விசாரித்தார். தனக்கும் நோய் வரக்கூடும், முன்கூட்டியே கண்டறிந்தால் பலன் உண்டு என்று இரண்டையும் நம்பியவர்களில் 82 சதவீதம் பேர் தாமாக முன்வந்து எக்ஸ்-ரே எடுத்திருந்தார்கள். இரண்டையும் நம்பாதவர்களில் 21 சதவீதம் பேர்தான். ஹோக்பாமும் இர்வின் ரோசன்ஸ்டாக்கும் அவர்களுடைய சகாக்களும் இதிலிருந்து உருவாக்கிய உடல்நல நம்பிக்கைக் கோட்பாடு இன்றுவரை பொதுச் சுகாதாரப் பாடத்தின் அரிச்சுவடி. எனக்கு வருமா, வந்தால் எவ்வளவு மோசம், தடுப்பால் என்ன பலன், அதற்கு நான் என்ன விலை கொடுக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு மனம் சொல்லிக்கொள்ளும் பதில்களே செயலாகின்றன என்கிறது அது.

அரிச்சுவடி என்பதால் முழுப் பாடமும் அதில் இல்லை. விலை என்றதும் பணம், நேரம், வலி என்று எண்ணிவிடுகிறோம். அவமானமும் ஒரு விலை. காசநோயைப் பொறுத்தவரை நம் ஊர்களில் அதுதான் பெரிய விலை. பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியக் கூடாது, வாடகை வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாது, வேலை பார்க்கும் இடத்தில் தெரியக் கூடாது என்று மாத்திரை உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு விழுங்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. மைசூரு அரச குடும்பமே இந்நோய்க்கு உயிர்களைப் பறிகொடுத்தது. நால்வடியின் சகோதரி கிருஷ்ணாஜம்மண்ணி காசநோயில் இறந்தார். அதை மூடி மறைக்காமல், அவர் பெயரிலேயே காசநோய் மருத்துவமனை எழுப்பப்பட்டது. பி.கே.டி.பி. என்ற சுருக்கப் பெயரில் மைசூருக்காரர்கள் எல்லோருக்கும் அதைத் தெரியும். ஓர் இளவரசியின் பெயரை நோயின் பெயருக்குப் பக்கத்தில் எழுத அந்தக் குடும்பம் கூச்சப்படவில்லை. அந்தத் துணிவு திடீரென்று வந்ததல்ல. அதற்கு நூறாண்டு முந்தைய முன்னுதாரணம் ஒன்று அதே குடும்பத்தில் இருந்தது.

1805 வாக்கில் தாமஸ் ஹிக்கி என்ற ஐரிஷ் ஓவியர் மைசூரில் மூன்று பெண்களை வரைந்தார். நகைகளும் பட்டும் அணிந்து நிற்கும் அந்தப் பெண்கள் அரசவை நடன மாதர் என்றே வெகுகாலம் கருதப்பட்டார்கள். 2007-ல் சாதபீஸ் ஏலத்துக்கு வந்தபோதுதான் அந்த ஓவியத்தின் வேறு கதை பரவலாகப் பேசப்பட்டது. அவர்கள் உடையார் குடும்பத்துப் பெண்கள் என்று வரலாற்றாய்வாளர் நைஜல் சான்ஸலர் வாதிட்டார். வலப்பக்கம் நிற்பவர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாருக்கு மணமகளாக வந்த தேவாஜம்மணி. சேலை மறைத்திருக்க வேண்டிய இடது கையைத் திறந்து காட்டி நிற்கிறார். அம்மைத் தடுப்பூசி குத்திய இடம் அது. இடப்பக்கம் நிற்பவரின் மூக்குக்கும் வாய்க்கும் அருகே தோல் நிறம் மாறியிருக்கிறது. அம்மைக் கொப்புளத்தின் பொருக்கைப் பொடித்து மூக்கில் ஊதும் பழைய முறையின் அடையாளம் அது என்பது சான்ஸலரின் கணிப்பு. பழைய முறையையும் புதிய முறையையும் ஒரே சட்டகத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார் ஓவியர்.

இந்த விளக்கத்தை ஏற்றால், இது ஒரு விளம்பரப் படம். காலத்தைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் முதல் அம்மைத் தடுப்பூசி 1802 ஜூன் 14 அன்று மும்பையில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்குக் குத்தப்பட்டது. அந்த மருந்து சீசாவில் வந்ததல்ல. குத்திக்கொண்டவரின் கொப்புளத்திலிருந்து நீரை எடுத்து அடுத்தவர் கையில் குத்த வேண்டும். வியன்னா, பாக்தாத், பஸ்ரா என்று கைவழியாகவே பயணம் செய்து மும்பை வந்தது. மாட்டு அம்மையிலிருந்து பிறந்த மருந்து, யாரோ ஒருவரின் உடம்பு நீர், அதைக் கொண்டுவருபவன் வெள்ளைக்காரன்: சாதி ஆசாரம் பார்க்கும் சமூகம் தயங்குவதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? மைசூரிலோ நிலைமை இன்னும் நுட்பமானது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்து ஆறே ஆண்டுகள். கிழக்கிந்தியக் கம்பெனி அரியணையில் ஏற்றிவைத்த அரசர் இன்னும் சிறுவர். கம்பெனி சொன்னதால் அரண்மனை குத்திக்கொண்டது என்று ஊர் பேசியிருந்தால் காரியம் கெட்டிருக்கும்.

அரசரின் பாட்டி லட்சுமி அம்மணி தேவி இதில் முனைப்பாக இருந்தார். அவர் தம் கணவரை அம்மைக்குப் பறிகொடுத்தவர் என்கிறார் சான்ஸலர். அறிக்கை, தண்டோரா, தண்டனை என்று போகாமல், வீட்டு மருமகளின் கையை நீட்டவைத்தார்கள். தேவாஜம்மணி குத்திக்கொண்டது பிறரையும் முன்வரத் தூண்டியதாக 1806 ஜூலை மாத ஆவணம் ஒன்று பதிவுசெய்திருக்கிறது. அந்தப்புரப் பெண்ணின் கையை அந்நியர் பார்ப்பதே இழிவு என்று கருதிய காலம் அது. அந்தக் கையையே காட்சிக்கு வைத்ததில்தான் அந்தப் பாட்டியின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. தடுப்பூசித் தழும்பை அரச குடும்பத்து அணிகலனாக மாற்றிவிட்டார்கள்.

அதே காலகட்டத்தில் சென்னையில் எல்லிஸ் வேறொரு வழியைப் பார்த்தார். திருக்குறளை மொழிபெயர்த்தவராகவும், 1816-ல் தென்னிந்திய மொழிகளின் தனி உறவை எடுத்துக்காட்டியவராகவும் தமிழர்கள் அறிந்த அதே எஃப்.டபிள்யூ. எல்லிஸ்தான். தன்வந்திரியும் சக்தியும் உரையாடுவதுபோல அம்மைத் தடுப்பு பற்றி ஒரு தமிழ்க் கதையை அவர் எழுதினார். மருந்து வேற்றுநாட்டுச் சரக்கல்ல, நம் தெய்வங்களுக்குத் தெரிந்ததே என்று மக்களை நம்பவைக்கும் முயற்சி. நல்ல நோக்கத்துக்குச் சொன்ன பொய். எல்லிஸின் தமிழ்க் காதலை மதிக்கலாம். இந்த உத்தியை மதிக்க முடியாது. கற்பித்த பழமை என்றைக்காவது வெளிப்படும். வெளிப்படும் நாளில் மருந்தின் பெயரும் சேர்ந்தே கெடும். தேவாஜம்மணியின் கையில் அப்படி வெளிப்பட எதுவும் இருக்கவில்லை.

ஆனால், அதே மண்ணில் 1898-ல் நடந்தது நேரெதிர்.

1896-ல் மும்பையில் பிளேக் பரவத் தொடங்கியது. அடுத்த ஆண்டே ஆங்கில அரசு தொற்றுநோய்கள் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2020-ல் நாம் கையில் எடுத்ததும் அந்த 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான். வீடு வீடாகச் சோதனை, நோயாளியைப் பிரித்து முகாமுக்கு அனுப்புவது, பிணத்தை ஆய்வு செய்வது, பண்டபாத்திரங்களை எரிப்பது என்று எல்லாவற்றுக்கும் அது வழிவிட்டது. புனேயில் பிளேக் அதிகாரி ராண்ட் 1897 ஜூனில் சுடப்பட்டது இந்தக் கெடுபிடிகளின் விளைவு. 1898 ஆகஸ்டில் பெங்களூரைத் தொட்ட பிளேக் விரைவிலேயே மைசூரையும் எட்டியது. கும்பகோணத்தில் பிறந்து பின்னாளில் மைசூர் திவானான வி.பி. மாதவ ராவ் அப்போது பிளேக் கமிஷனர். அந்த ஆண்டே மைசூரிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஸ்ரீரங்கப்பட்டணத்தை ஒட்டிய கஞ்சாமில், பிளேக் நடவடிக்கைகளை எதிர்த்து மக்கள் கலவரத்தில் இறங்கினார்கள்.

அந்த மக்கள் நோயைப் பற்றிக் கவலைப்படாதவர்களா? இல்லை. எலி செத்து விழுந்தால் வீட்டைக் காலிசெய்துவிட்டு வயல்வெளியில் குடிசை போட்டுக்கொள்வது தக்காண ஊர்களில் மக்களே கடைப்பிடித்த வழக்கம். தனிமைப்படுத்திக்கொள்வதன் பலன் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தாமாக வெளியேறியபோது அது விவேகம். சிப்பாய் வந்து வெளியேற்றியபோது அது மானக்கேடு. வெளியேறுவது என்ற செயல் ஒன்றுதான். செய்தவருக்கு அதில் இருந்த இடம்தான் வேறு.

கோவைப் பக்கம் இன்றும் பல இடங்களில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் நிற்பதும் இந்தக் காலத்தின் மிச்சம். 2021 மே மாதம் கோவை இருகூர் அருகே காமாட்சிபுரி ஆதீனத்தில் கொரோனா தேவி சிலை வைத்தபோது சமூக வலைத்தளங்களில் சிரிப்பு மூண்டது. சிரிப்பது எளிது. கையில் எதுவும் இல்லாத நேரத்தில் ஏதாவது செய்தோம் என்ற நிம்மதியைத் தேடும் மனம், அறியாமையின் மனமல்ல. பிளேக் மாரியம்மனைக் கும்பிட்ட அதே ஆட்கள்தான் ஊருக்கு வெளியே குடிசையும் போட்டுக்கொண்டார்கள்.

இனி 2020-க்கு வரலாம். மார்ச் இறுதியில் மைசூரு மாவட்டம் நஞ்சன்கூட்டில் ஜுபிலண்ட் ஜெனரிக்ஸ் மருந்துத் தொழிற்சாலை ஊழியர் ஒருவருக்குத் தொற்று உறுதியானது. அடுத்த சில வாரங்களில் அந்தத் தொழிற்சாலையோடு தொடர்புடைய 70-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று. மாவட்டம் சிவப்பு மண்டலம். மாநிலம் முழுக்க ஒரே கேள்வியைக் கேட்டது: யார் கொண்டுவந்தது? சீனாவிலிருந்து வந்த மூலப்பொருளா, வெளிநாட்டு விருந்தினரா, அந்த ஊழியர் எதையாவது மறைக்கிறாரா என்று வாரக்கணக்கில் விவாதம். விசாரணைக்கு ஐ.ஏ.எஸ். அதிகாரியும் நியமிக்கப்பட்டார். தொற்றின் மூலத்தைத் தேடுவது மருத்துவக் கடமை; அதில் தவறில்லை. தேடல் வேட்டையாக மாறும்போதுதான் பிழை தொடங்குகிறது. இருமல் வந்தால் முதலில் போய்ச் சொல்பவனுக்கு என்ன நடக்கிறது என்பதை மாவட்டமே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டாவது ஆள் முன்வருவதற்கு எவ்வளவு யோசிப்பான்? இவ்வளவுக்கும் நடுவில் அந்தத் தொடரை மைசூரு அடக்கியது. மே மாத நடுவில் மாவட்டத்தில் சிகிச்சையில் இருந்த கடைசி நோயாளியும் வீடு திரும்பினார். வீடு வீடாகப் போன ஆஷா பணியாளர்களுக்கும் ஆய்வுக்கூடக்காரர்களுக்கும் அதில் பெரும்பங்கு உண்டு.

மார்ச் 30 அன்று கர்நாடக அரசு இன்னோர் ஆணை போட்டது. வீட்டுத் தனிமையில் இருப்பவர்கள், இரவு 10 முதல் காலை 7 வரையிலான தூங்கும் நேரம் தவிர, மணிக்கொரு முறை செல்ஃபி எடுத்துச் செயலியில் அனுப்ப வேண்டும். தவறினால் முகாம். தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தியதற்குப் பாராட்டும் கிடைத்தது. ஆனால், மணிக்கொரு முறை தன் முகத்தைக் காட்டி நிரூபிக்கச் சொல்வது யாரிடம்? நாம் சந்தேகப்படும் ஆளிடம். சந்தேகிக்கப்படுகிறோம் என்று தெரிந்தவன், ஊரைக் காக்கும் வேலையில் தனக்கொரு பங்கு உண்டென்று நினைக்கமாட்டான். எப்படித் தப்பிக்கலாம் என்றுதான் நினைப்பான்.

தகரம் அடித்ததை யாரும் மறந்திருக்க முடியாது. தொற்று வந்த வீட்டு வாசலில் தகரம், கதவில் அறிவிப்பு. சென்னைத் தெருக்களில் பார்த்ததுதான். பெங்களூரில் 2020 ஜூலையில் ஓர் அடுக்ககத்தில் இரண்டு வீட்டு வாசல்களை முழுசாகத் தகரத்தால் அடைத்துவிட்டு, மாநகராட்சி ஆணையரே மன்னிப்புக் கேட்க வேண்டிவந்தது. அறிவிப்பு ஒட்டிய வீட்டினர் தீண்டத்தகாதவர்களைப் போல நடத்தப்படுவதாக அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கவலைப்பட்டது. உரிய அதிகாரியின் குறிப்பான உத்தரவு இல்லாமல் ஒட்டக் கூடாது என்றும் சொன்னது. அதற்குள் ஒன்பது மாதம் ஓடிவிட்டது. பரிசோதனைக்கே போகாமல் கஷாயத்தோடு சமாளித்தவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கு எங்கும் இருக்காது.

அபராதத்தின் கதை இன்னும் சுவையானது. 2020 அக்டோபர் தொடக்கத்தில் கர்நாடகம் முகக்கவசம் அணியாதோருக்கான அபராதத்தை நகரங்களில் 1,000 ரூபாயாகவும் கிராமங்களில் 500 ரூபாயாகவும் உயர்த்தியது. எதிர்ப்பு கிளம்ப, சில நாட்களிலேயே 250 ரூபாய், 100 ரூபாய் என்று இறக்கியது. விளைவை எல்லா ஊர்ச் சாலைகளிலும் பார்த்தோம். முகக்கவசம் தாடையில் தொங்கும்; தொலைவில் காக்கி தெரிந்தால் மூக்குக்கு ஏறும்; தாண்டியதும் இறங்கும். கவசம் யாருக்கு எதிராக? கிருமிக்கு எதிராக அல்ல, காவலருக்கு எதிராக. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைக் காப்பகங்களில் இரண்டு பொருளியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். குழந்தையைக் கூட்டிப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் விதித்ததும் தாமதம் குறையவில்லை, கூடியது. அதுவரை ஆசிரியைக்குச் சங்கடம் தருகிறோமே என்று ஓடிவந்தவர்கள், இப்போது காசு கொடுத்து நேரம் வாங்கத் தொடங்கினார்கள். அபராதத்தை எடுத்த பிறகும் பழைய கூச்சம் திரும்பவில்லை. 2000-ல் வெளியான யூரி நீசி, ஆல்டோ ருஸ்டிசினி ஆகியோரின் அந்த ஆய்வைச் சுகாதாரத் துறைச் செயலர்களின் மேசையில் கட்டாயம் வைக்க வேண்டும்.

முன்மாதிரிகளை நம்புவதிலும் ஆபத்து உண்டு. தமிழ்நாடு அதை மறக்க முடியாத விதத்தில் அனுபவித்தது. 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் செய்தியாளர்கள் முன்னிலையில் தடுப்பூசி போட்டுக்கொண்டார். லட்சக்கணக்கில் மரம் நட்டவர், நகைச்சுவையில் மூடநம்பிக்கையைக் கிண்டலடித்தவர், எந்தக் கட்சிக்காரரும் வெறுக்காதவர். தேவாஜம்மணிக்கு நம் காலத்தில் இதைவிடப் பொருத்தமான வாரிசு கிடைத்திருக்க முடியாது. மறுநாள் அவருக்கு மாரடைப்பு. 17-ஆம் தேதி காலமானார். இதயக் குழாயில் முழு அடைப்பு, தடுப்பூசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்களும் சுகாதாரச் செயலரும் சொன்னார்கள். யார் காதில் விழுந்தது? டீக்கடையில், வாட்ஸ்அப்பில், வீட்டுத் திண்ணையில் ஒரே பேச்சு: விவேக்கே போயிட்டாரே!

மனம் புள்ளிவிவரத்தைப் புரட்டி முடிவெடுப்பதில்லை. எது எளிதாக நினைவுக்கு வருகிறதோ அதையே அடிக்கடி நடப்பதாக எடுத்துக்கொள்கிறது என்று 1970-களிலேயே டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் காட்டினார்கள். கோடிப் பேர் ஊசி போட்டு நலமாக இருப்பது செய்தியல்ல, முகமும் அல்ல. விவேக் ஒரு முகம். இறப்புக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் ஆய்வுக் குழு முடிவாக அறிவித்தது அந்த ஆண்டு அக்டோபரில். வதந்திக்கு ஆறு மாதம் முன்தொடக்கம் கொடுத்துவிட்டு மக்களின் தயக்கத்தைக் குறைசொல்வது நியாயமில்லை.

தமிழ்நாட்டை அந்தத் தயக்கத்திலிருந்து வெளியே இழுத்தது இன்னொரு பிரபலத்தின் முகம் அல்ல. இரண்டாம் அலையின் கோரம் ஒரு காரணம். 2021 செப்டம்பர் 12 முதல் நடந்த மெகா முகாம்கள் இன்னொன்று. முதல் நாளிலேயே 28 லட்சத்துக்கும் மேற்பட்ட தவணைகள் போடப்பட்டன. பள்ளிக்கூடம், அங்கன்வாடி, பேருந்து நிலையம் என்று தெருமுனைக்கே முகாம் வந்தது. எதிர்வீட்டு அக்கா போட்டுக்கொண்டு வந்து கையைத் தடவிக்கொண்டே நிற்கிறாள். மேல்வீட்டுத் தாத்தா இரண்டாம் தவணைக்குக் கிளம்புகிறார். ஒற்றை முகத்தின் மேல் வைத்த நம்பிக்கை அந்த முகத்தோடு போகலாம். தெருவே முகமாகிவிட்டால் வதந்திக்குப் பிடி கிடைப்பது கடினம். மைசூரு ராணியின் உத்தி சரி. ஆனால் கோடிப் பேர் கொண்ட சமூகத்துக்கு ராணிகள் தெருவுக்கொருவர் வேண்டும்.

2020 தசராவில் மைசூரு இதைக் கொஞ்சம் செய்து காட்டியது. வழக்கமாக அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் வரை வழியெங்கும் லட்சக்கணக்கானோர் திரண்டு பார்க்கும் ஜம்பூ சவாரி ஊர்வலம், அந்த ஆண்டு அக்டோபர் 26 அன்று அரண்மனை வளாகத்துக்குள்ளேயே முடிந்தது. அனுமதி சுமார் 300 பேருக்கு. 750 கிலோ தங்க அம்பாரியை முதல்முறையாகச் சுமந்த அபிமன்யு யானைக்கு அரங்கேற்ற நாளில் ரசிகர் கூட்டம் இல்லாமல் போனது. சாமுண்டி மலையில் விழாவைத் தொடங்கிவைத்தவர் ஜெயதேவா இதய நோய் நிறுவனத்தின் அன்றைய இயக்குநர் டாக்டர் சி.என். மஞ்சுநாத். மேடையில் செவிலியர், ஆஷா பணியாளர், தூய்மைப் பணியாளர், காவலர் போன்ற முன்களப் பணியாளர்களுக்கு மரியாதை செய்யப்பட்டது. நகரத்தின் மிகப் பெரிய கௌரவத்தை, பாதுகாப்பின் பக்கம் நின்றவர்களுக்குக் கொடுத்தார்கள். ஆயிரம் ரூபாய் அபராத அறிவிப்பு வந்து போன அதே மாதம்தான் இதுவும்.

இவ்வளவும் மனம் பற்றிய பேச்சு. இதை மட்டுமே பேசுவதில் ஒரு வசதியான தந்திரமும் ஒளிந்திருக்கிறது. எல்லாவற்றையும் மக்களின் மனநிலை என்று சொல்லிவிட்டால் அரசுக்கு வேலை மிச்சம். 2020 மே மாதம் மூடப்படும்வரை கோயம்பேடு சந்தையில் மூட்டை தூக்கியவருக்கு ஆபத்து தெரியாமல் இல்லை. அன்றைய கூலி இல்லாவிட்டால் அன்றைய சோறு இல்லை. குழாயில் மூன்று நாளுக்கொரு முறை தண்ணீர் வரும் வீட்டில் இருபது நொடி கை கழுவச் சொல்வது கிண்டல். மைசூருவே இதற்கும் சாட்சி. பிளேக்கின் நிரந்தரத் தடுப்பாக அந்த நகரம் செய்தது பிரசங்கமல்ல. 1903-ல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை வாரியம் அமைத்து, நெரிசலான பகுதிகளை உடைத்து, அகலத் தெருக்களோடு புதிய குடியிருப்புகளை விரித்தது. எலி வராத வீட்டில் இருப்பவனுக்கு எலி பற்றிய உளவியல் தேவைப்படாது. சட்டமும் தேவைதான். திருமண மண்டபத்தில் இரண்டாயிரம் பேரைக் கூட்டுபவரை வெறும் பாராட்டால் தடுக்க முடியாது. தண்டனை அத்தகையவருக்குப் போகட்டும். காய்ச்சலோடு வந்து உண்மையைச் சொல்பவரின் பக்கம் அதன் நிழல்கூடப் படக் கூடாது.

2024 செப்டம்பரில் கர்நாடகம் டெங்குவைத் தொற்றுநோயாக அறிவித்தது. கூடவே வந்தது அபராதப் பட்டியல்: கொசு உற்பத்திக்கு இடம் கொடுத்தால் நகரத்து வீட்டுக்கு 400 ரூபாய், கிராமத்து வீட்டுக்கு 200 ரூபாய். வீட்டுக்குள் வரும் ஊழியரை இனி எந்தக் கண்ணோடு பார்ப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. மாடித் தொட்டிக்குப் போகும் கதவின் சாவி அன்றைக்கென்று பார்த்துத் தொலைந்துபோகும். இதே ஊர்களில்தான் போலியோ சொட்டு மருந்து முகாம்கள் நடந்தன. மருந்து குடித்த குழந்தையின் இடது சுண்டுவிரலில் மை வைத்தார்கள். பிள்ளைகள் அந்த விரலைப் பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டு திரிந்தன. எல்லாக் குழந்தைக்கும் மருந்து கொடுத்த வீட்டுச் சுவரில் சுண்ணக்கட்டியால் ‘பி’ என்ற ஆங்கில எழுத்து, விடுபட்ட வீட்டில் பெருக்கல் குறி. யார் மேலும் அபராதம் இல்லை. இயற்கையான போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட நாட்டின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் சான்று அளித்தது.

அந்தச் சுவர்களில் எழுதிய கைகள்தான் இன்று தண்ணீர்த் தொட்டிகளைத் திறந்து பார்க்கின்றன. கொசுப்புழு இல்லாத வீட்டுக் கதவில் அவர்கள் ஒரு குறி போட்டுவிட்டு வரட்டும். மைசூரு மாநகராட்சி ஒரே ஒரு வார்டில், ஒரு மழைக்காலம் மட்டும், அபராதச் சீட்டைக் கட்டி வைத்துவிட்டு இதைச் செய்து பார்க்கலாம்.